நடக்கற ஆளைக் காணோம்

அத்தியாயம் 6

"நாளைக்குக் காலையில எங்கண்ணன் கோர்ட்டுல போயி, நாந்தான் தப்புப் பண்ணுனேன்னு ஒத்துக்கப் போறானுங்க"ன்னு அன்புச்செல்வி சொன்னப்ப, கீதாக்கா வாயில பாதி தேங்காபன்னு இருந்துச்சுங்க. அதை மென்னு முழுங்கற வரைக்கும் பதில் சொல்லலை. கேசு எங்க ஓடிப் போகுது, பன்னு ஆறிப் போயிருமேன்னு நெனைக்கற ஆளு எங்க அக்கா.

எங்க ஆபீசு கோயமுத்தூர் கணபதியில ஒரு கிரைண்டர் கடைக்கு மேல. கீதா துப்பறியும் நிலையம். படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு தகரப் பலகை மாட்டியிருக்கும். அதுல பெருசா ஒரு கண்ணு. பெயிண்டரு கண்ணை மொதல்ல ஆசையா வரைஞ்சுபோட்டாரு, பொறவு எழுத்துக்கு எடம் பத்தலை. கண்ணாஸ்பத்திரின்னு நெனச்சு மாடியேறி வர்றவங்கதான் நெறைய. ஒரு பெரியவரை அக்கா உக்கார வெச்சு காலண்டரைப் படிக்கச் சொல்லி, கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கன்னு சொல்லியே அனுப்பிச்சுது.

மத்தபடி எங்களுக்கு வர்றதெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்புத்தான். பையன் குடிப்பானா, சீட்டாடுவானா, சொன்ன வேலைக்குத்தான் போறானா. அதனால அழுதுட்டு வந்த பொண்ணைப் பாத்ததும் நானு, "மாப்பிள்ளை பேரு சொல்லுங்க"ன்னு கேட்டுப்போட்டேன்.

"மாப்பிள்ளை இல்லீங்க. எங்கண்ணன். பிரான்சிஸ்."

விசயம் இதுதானுங்க. பிரான்சிஸ் ஒரு பவுண்டரியில வேன் ஓட்டறான். வார்ப்படம் ஏத்திட்டு சத்தி ரோட்டுல வடக்க இருந்து வந்திருக்கறான். பட்டறை வீதி முக்குல மாசாணியம்மாள்னு ஒரு அம்மா, பீளமேட்டு மில்லுக்குப் போறதுக்கு பஸ் புடிக்க ரோட்டைக் கடந்திருக்குது. வேன் தட்டிருச்சு. கால் ஒடைஞ்சு போச்சு. பிரான்சிஸே தூக்கி வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டான்.

"அங்க எச்சரிக்கைப் போர்டே இல்லைன்னு எங்கண்ணன் சொன்னானுங்க. கடக்கற கோடும் இல்லை, போர்டும் இல்லை, இருந்திருந்தா மெதுவாத்தான் வந்திருப்பேன்னான். போலீசு போயிப் பாத்தா போர்டு நிக்குது. அந்தம்மாவும் போர்டு இருந்துச்சுன்னே சொல்லியிருக்குது. இப்ப இவன் இவனையே நம்பறதில்லை. கண்ணு முன்னாடி நிக்கற போர்டு தெரியாதவன் எதுக்கு வண்டி ஓட்டோணும், ஒத்துக்கறேன்னு உக்காந்திருக்கறான். லைசென்ஸ் போச்சுன்னா அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை போச்சுங்க."

கீதாக்கா கையத் தொடச்சுக்கிச்சு. "உங்கண்ணன் பொய் சொல்லுவானா கண்ணு?"

"சொல்லுவானுங்க. ஆனா சொன்னா காது செவந்துரும். சின்ன வயசுல இருந்தே."

"போர்டு இல்லைன்னு சொன்னப்ப செவந்துச்சா?"

"இல்லீங்க."

"நாளைக்கு ஒத்துக்கறேன்னு சொன்னப்ப?"

"அப்பத்தானுங்க செவந்துச்சு."

அக்கா எந்திரிச்சு செருப்பு மாட்டிருச்சு. "கதிரு, கிளம்பு."

அக்கா கிளம்புன்னா ரோட்டுக்குன்னு அர்த்தம்.

நானு உடுமலைப்பேட்டைக்காரனுங்க. எங்கூர்ல தேங்கா லோடு வண்டி வந்தா நிப்போம், அது போனதும் கடப்போம். கோயமுத்தூர்ல அப்படி நின்னா, நின்னுட்டே இருக்க வேண்டியதுதான். ஒலிம்பிக் நடந்த வருசம்தான் நானு இங்க அக்காகிட்ட வேலைக்கு வந்தேன். சத்தி ரோட்டுக்கு அக்கட்டால, அந்தப் பக்கத்துல, ஒரு மெஸ்ல கொள்ளுப்பருப்பு ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க. இருக்கும். நானு பாத்ததில்லை.

பட்டறை வீதி முக்குல ஒரு டீக்கடை. அதுல பங்காரண்ணன் உக்காந்திருந்தாரு. ஹெட் கான்ஸ்டபிள். இந்தக் கேசை எழுதுனதே அவருதான். அக்காவைப் பாத்ததும், "வாங்க அம்மணி, எந்த மாப்பிள்ளை ஓடிப் போனான்"னாரு.

"போர்டு ஓடிப் போச்சுங்கறாங்க அண்ணா. அதான் பாக்கலாம்னு."

"எங்கயும் ஓடலை. அதா நிக்குது பாருங்க." உக்காந்த எடத்துல இருந்தே கையக் காட்டுனாரு. ரோட்டோரத்துக் கம்பத்துல செவப்புக் கரை போட்ட முக்கோணத் தகரம். கோட்டு மேல ஒரு ஆளு நடந்து போற படம். எங்களையே பாத்துட்டு நின்னுச்சு. டீக்கடைக்கு வாட்ச்மேன் போட்ட மாதிரி.

"அன்னைக்கும் இங்க உக்காந்துதான் பாத்தீங்களா?"

"ஆமா. டீ வந்துச்சு."

"வண்டி வர்ற பக்கம் போயிப் பாக்கலைங்களா?"

"எங்க அம்மணி போறது. இந்தப் பக்கம் சாக்கடை. அந்தப் பக்கம் பூராவும் பைக்கு. நடுவுல போனா பஸ்சு. நடக்கறதுக்கு எடம் இருந்தா நடக்க மாட்டமா."

போலீசே பயப்படற ரோடுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு நிம்மதி. அது ரொம்ப நேரம் நிக்கலை. அக்கா சாக்கடைத் திட்டு மேலயே ஒத்தையடி வெச்சு வடக்கால நடந்துபோச்சு. நானும் பின்னாடி போனேன். ஒரு கால் சாக்கடையில போச்சு, அதை யாருகிட்டயும் சொல்லலை.

கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்தோம். போர்டைக் காணோமுங்க.

கம்பம் இருக்குது. கம்பத்து மேல ஒரு தகரத்தோட வெளிம்பு மட்டும் தெரியுது, தோசை திருப்பியைக் குத்த வெச்ச மாதிரி. வண்டி ஓட்டறவனுக்கு அது போர்டு இல்லை, கோடு.

திரும்பி வந்து பங்காரண்ணன்கிட்டச் சொன்னா, "காத்துல திரும்பியிருக்கும் அம்மணி"ன்னாரு. "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமே."

"இது கார்த்திகைங்க"ன்னேன் நானு.

"அப்பன்னா ஆடியில திரும்புனது."

அக்கா டீக்கடைப் பெஞ்சை இழுத்துக் கம்பத்துக்குப் பக்கத்துல போட்டு என்னைய ஏறச் சொல்லுச்சு. போர்டைக் கம்பத்தோட சேத்து ரெண்டு கிளாம்பு போட்டிருந்தாங்க. ஆட்டிப் பாத்தேன். அசையலை. கிளாம்பு பூராத் துரு. நட்டோட மூலையில மட்டும் ஸ்பேனர் புடிச்ச எடம் பளபளன்னு இருந்துச்சு.

"காத்து போர்டைத் திருப்பும்"னுச்சு அக்கா. "நட்டை முறுக்குமா?"

பங்காரண்ணன் இன்னொரு டீ சொன்னாரு.

"சரி கதிரு. இதை இப்படி மாட்டுனது எப்படிப்பட்ட ஆளு, சொல்லு."

"அறிவு கெட்ட ஆளுங்க."

"இல்ல. வண்டி ஓட்டாத ஆளு. படத்துல நடக்கற ஆளு இருக்குது, அப்ப இது நடக்கறவங்களுக்குத்தான்னு நெனச்சிருக்குது. வீதிக்குள்ள இருந்து வர்றவங்களுக்குத் தெரியற மாதிரி மாட்டியிருக்குது. இங்க கடந்துக்கோங்கன்னு சொல்ற மாதிரி."

"அது அப்படித்தானுங்கக்கா?"

அக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு. நானும் இத்தனை நாளு அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். இந்தப் படம் போட்ட எடத்துல கடந்தா வண்டி தானா நிக்கும்னு நம்பி, ரெண்டு தடவை சாகப் பாத்திருக்கறேன்.

"இது வண்டிக்காரனுக்கு. ஆளு நடக்குது, மெதுவாப் போடான்னு. இதோட முதுகைப் பாக்கோணும். அக்கட்டால போ."

போர்டோட முதுகு ரோட்டைப் பாத்துட்டு நின்னுச்சு. கம்பம் ரோட்டு வெளிம்புல. முதுகைப் பாக்கோணும்னா ஒண்ணு ரோட்டு மேல நிக்கோணும், இல்லைன்னா எதிர்ப்பக்கம் போயி நிக்கோணும். அதாவது, கடக்கோணும்.

"அக்கா, எங்கம்மாவுக்கு நானு ஒரே பையனுங்க."

"அண்ணன் இருக்கறான்னு சொன்னியே."

"அவன் எங்கம்மாவுக்குப் பிடிக்காத பையனுங்க."

"போ சாமி. பிரான்சிஸுக்கு நாளைக்குக் காலையில கோர்ட்டு."

நின்னேன். டவுன் பஸ்சு, டெம்போ, மொபெட்டு மேல மூட்டை, மூட்டை மேல ஒரு அம்மா. எல்லாரும் என்னையப் பாத்தாங்க, ஒருத்தரும் நிக்கலை. அப்பத்தான் ஒரு மாடு வந்துச்சுங்க. அது ரோட்டுல எறங்குச்சு. எல்லா வண்டியும் பிரேக்கு போட்டாங்க. ஒரு லாரிக்காரன் வணக்கமே வெச்சான். நானு மாட்டோட வயித்தை ஒட்டிக்கிட்டே அக்கட்டால போயிச் சேந்தேன்.

திரும்பி நின்னு பாத்தேன். போர்டோட முதுகுல, சாம்பல் பெயிண்டு மேல, வட்டம் வட்டமா கீறலு. ஒண்ணு மேல ஒண்ணு.

மாடு திரும்பி வரலை. அதுக்கு அந்தப் பக்கம் சோலி இருந்துச்சு. மில்லு விட்டு வந்த பொம்பளைங்க கூட்டம் ஒண்ணு கையக் காட்டிட்டே கடந்துச்சு, அதுக்குள்ள நடுவால பூந்து வந்துட்டேன்.

"ஒலிம்பிக் கொடி மாதிரி இருக்குதுங்க. ஆனா வளையம் அஞ்சுக்கு மேல."

"எவ்வளவு பெருசு?"

"சோத்துத் தட்டை விடச் சிறுசுங்க."

"தலைக்கு மேல நிக்கற தகரத்துல யாரு போயி வட்டமான எதை வெச்சு வெச்சு எடுத்தாங்க?"

"காக்காய்ங்களா?"

அப்ப வீதிக்குள்ள இருந்து ஒரு பொண்ணு எவர்சில்வர் குடத்தை இடுப்புல வெச்சுட்டு வந்துச்சு. டீக்கடைக்காரருக்குத் தண்ணி. குடத்தைப் பெஞ்சு மேல நங்குன்னு வெச்சு, கைய ஒதறி, மறுபடியும் தூக்குச்சு. பெஞ்சு மேல ஈரமா ஒரு வட்டம்.

அக்கா அந்த வட்டத்தைப் பாத்துச்சு. பொறவு போர்டைப் பாத்துச்சு.

"கதிரு, இந்தப் போர்டு கொஞ்ச நாளு தரையில படுத்துக் கெடந்திருக்குது."

பட்டறை வீதிக்குள்ள போனோம். லேத்து சத்தம், வெல்டிங் வெளிச்சம், நடுவால ஊடுங்க. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு குழி. அந்தக் குழி எதுக்குன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணி வர்ற அன்னைக்கு பிரஷர் இருக்காது. பைப்பு மேல இருந்தா காத்துத்தான் வரும். அதனால மண்ணைத் தோண்டி, பைப்பைக் கீழயே அறுத்துப்போட்டு, குடத்தைக் குழிக்குள்ள எறக்கிப் புடிப்பாங்க. புடிச்ச குடத்தைத் தூக்கி, மூடி மேல ஒரு தடவை வெச்சு, மூச்சு வாங்கிட்டுத்தான் ஊட்டுக்குள்ள கொண்டு போவாங்க. தண்ணி வராத அன்னைக்குக் குழியில யாராச்சும் விழாம இருக்க மூடி வேணும். ஒரு ஊட்டுல கடப்பாக்கல்லு. ஒரு ஊட்டுல பழைய கதவு. ஒரு ஊட்டுல ஓட்டையாப் போன கிரைண்டரு.

பச்சைக் கதவு ஊட்டு வாசல்ல மட்டும் குழி மேல ஒரு கயித்துக் கட்டிலு.

அக்கா குனிஞ்சு கட்டிலை நகத்துச்சு. குழியச் சுத்திக் காஞ்ச சேறு. சேத்துல மூடி அழுந்துன தடம். மூணு மூலை.

"ஏனுங்க, யாரு வேணும்?" எதுத்த ஊட்டு வாசல்ல ஒரு அம்மா முறத்தோட நின்னுச்சு.

"மாப்பிள்ளை விசாரிக்க வந்தோமுங்க"ன்னேன். பழக்கம்.

"குழிக்குள்ளயா?"

"அம்மிணி பேரு?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"மாரியாத்தாள். எதுக்கு?"

"ஊட்டுல ஸ்பேனர் இருக்குதுங்களா?"

"கணபதியில ஸ்பேனர் இல்லாத ஊடு எது. அரிசி இல்லாம இருக்கும்." சொல்லிப்போட்டு அந்தம்மா கட்டிலைப் பாத்துச்சு, அக்காவைப் பாத்துச்சு. முறத்துல இருந்த புளி ஒண்ணொண்ணாக் கீழ விழுந்துச்சு.

"குழிக்கு முந்தி மூணு மூலையா ஒரு மூடி இருந்துச்சு போல."

"நானொண்ணும் பாக்கலைங்க."

"அதை எடுத்து வந்து போட்டது யாரு? இது யாரு ஊடுங்க?"

பச்சைக் கதவுக்கு உள்ள இருந்து ஒரு குரலு வந்துச்சு. "யாரு மாரியாத்தா, உள்ள வரச் சொல்லு."

போனோம். ஒரு அம்மா தரையில பாய் மேல படுத்திருந்துச்சு. கால்ல முட்டி வரைக்கும் மாவுக்கட்டு.

என்ற மண்டைக்கு அப்பவும் ஏறலை. "அக்கா, இவங்களுக்கும் கால் ஒடைஞ்சிருக்குது பாருங்க. ரொம்ப மோசமான ரோடுங்க"ன்னேன்.

அக்கா என்ற பக்கம் திரும்பவே இல்லை. "மாசாணியக்கா, கால் ஒடைஞ்ச மனுசி தரையில படுத்திருக்கீங்க. கட்டிலைக் குழிக்குக் குடுத்துட்டீங்களா?"

மாசாணியம்மாள். வேன்ல அடிபட்ட அதே அம்மா.

அந்தம்மா எந்திரிச்சு உக்காந்துச்சு, சுவத்துல சாஞ்சு. ஒளிக்கற எண்ணம் இருந்த மாதிரி தெரியலை. கேக்க ஆளு வரட்டும்னு இருந்த மாதிரித்தான் இருந்துச்சு.

"எங்க குழிக்குக் கல்லு மூடிதானுங்க இருந்துச்சு. ஒரு டெம்போ ஏத்தி ஒடைச்சுப்போட்டான். அடுத்த நாளே பக்கத்து ஊட்டுப் புள்ள யுவஸ்ரீ உள்ள விழுந்து நெத்தியில தையலு. நடந்து போறதுக்கு எடமில்லாமத்தானே புள்ளைங்க குழியோரமா நடக்குது. கல்லு வாங்கறேன் வாங்கறேன்னு நாளு போச்சு. போர்டு அங்க சும்மா நின்னுட்டிருந்துச்சு. அதைப் பாத்து ஒரு வண்டி நின்னு நானு கண்டதில்லை. சும்மா நிக்கறதுக்கு இங்க வந்து படுக்கட்டும்னு எடுத்தாந்துட்டோம்."

"குப்புறப் போட்டீங்க."

"மனுசன் படமாச்சே சாமி. மிதிக்கலாமா?"

"அன்னைக்கு வேன்ல அடிபட்டு ரோட்டுல கெடந்தப்ப?"

"மாரியாத்தாளைத்தான் கூப்பிட்டேன். ஓடிப்போயி மூடியைக் கொண்டாந்து மாட்டிப்போடுன்னேன்."

"கால் வலிக்குதுன்னு சொல்லலைங்களா?"ன்னேன்.

"அது பொறவு."

மாரியாத்தாக்கா வாசப்படியில உக்காந்துச்சு. "எல்லாரும் வேனு பின்னாடி ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. போலீசு வரப் பொழுதாயிருச்சு. நானு கழுவித் தொடச்சுத்தான் மாட்டுனேன். முன்ன அது தப்பான பக்கம் பாத்துட்டு நின்னுச்சுங்க. அதையும் நேராப் பண்ணித்தான் மாட்டுனேன்."

"எந்தப் பக்கம் நேருங்க?"

"நடக்கறவங்க பக்கம்தான். வண்டியில போறவனுக்கு எதுக்கு நடக்கற ஆளு படம்?"

நானு அக்காவைப் பாத்தேன். பாத்தீங்களா, நானு மட்டும் இல்லைங்கற மாதிரி. அக்கா கண்டுக்கலை.

"மாசாணியக்கா, போர்டு இருந்துச்சுன்னு போலீசுல ஏன் சொன்னீங்க?"

அந்தம்மா மாவுக்கட்டைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. "பொண்ணுக்குத் தையில கல்யாணமுங்க. மாப்பிள்ளை ஊடு உடுமலை. ரோட்டுப் போர்டைத் திருடுன ஊடுன்னு ஒரு பேச்சு போனா, பாக்கு வெத்தலை மாத்துனதெல்லாம் திரும்பி வந்துரும். அந்த டிரைவர் பையனைத் திட்டி அனுப்பிருவாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"நாளைக்குக் கோர்ட்டுல அவன் தப்பை ஒத்துக்கப் போறான். லைசென்ஸ் போயிரும்."

"அவன் எதுக்கு ஒத்துக்கறான்? அவனுக்குத் தெரியுமே, போர்டு இல்லைன்னு."

"எல்லாரும் இருந்துச்சுன்னு சொன்னா, அவனுக்கே சந்தேகம் வந்துருச்சு."



"என்னையத் தூக்கிட்டு ஓடறப்ப அழுதுட்டே ஓடுனானுங்க"ன்னுச்சு மாசாணியக்கா. "நாந்தான் அவனைத் தேத்துனேன், ஒண்ணுமில்லை கண்ணு, ஒரு காலுதானேன்னு." அப்பறம், "பொண்ணு வாழ்க்கைங்க"ன்னுச்சு. கண்ணு கலங்கிருச்சு.

அக்கா பக்கத்துல உக்காந்துச்சு. "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இந்த வீதியில விசாரிக்கோணும்னா யாருகிட்ட வருவாங்க?"

"உங்ககிட்டத்தானுங்க"ன்னுச்சு மாரியாத்தாக்கா. "கண்ணு படம் போட்ட மாடிதானே. வேற யாரு இருக்கறா."

"நானு உள்ளதைத்தான் சொல்லுவேன். புள்ளைங்க குழியில விழக்கூடாதுன்னு போர்டைக் கழட்டுன ஊடு. கால் ஒடைஞ்சும் கட்டிலைக் குழிக்குக் குடுத்துட்டுத் தரையில படுத்த ஊடு. தப்புப் பண்ணுனதும் போயி ஒத்துக்கிட்ட ஊடு. இதைக் கேட்டுப்போட்டு வேண்டாம்னு சொல்ற மாப்பிள்ளைன்னா, அவனைப் பத்தி நானே விசாரிக்கறேன். எப்படியும் எதாச்சும் கெடைக்கும்."

மாசாணியக்கா முந்தானையில முகத்தைத் தொடச்சுது. "என்னையத் தூக்குங்க"ன்னுச்சு.

மரச் சேர்ல உக்கார வெச்சு, நானும் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருத்தரும் தூக்கிட்டு முக்குக்கு வந்தோம். வீதிப் பொம்பளைங்க பூரா பின்னாடி. பங்காரண்ணன் எல்லாத்தையும் கேட்டாரு. "வாயில எங்கிட்டச் சொன்னா ஆகாது அம்மணி. எஸ்.ஐ. செங்கோட்டையன் சாரு முன்னாடி சொல்லோணும். ஸ்டேஷன் அக்கட்டால"ன்னாரு.

அக்கட்டால. மறுபடியும்.

சேரை எறக்கி வெச்சு நின்னோம். பஸ்சு போச்சு. லாரி போச்சு. மாவுக்கட்டைப் பாத்துக்கிட்டே போனாங்க, நிக்கலை. பங்காரண்ணன் விசிலை ஊதுனாரு, அதை ஒருத்தன் ஹாரன்னு நெனச்சுத் திருப்பி அடிச்சான். ஒரு மாடும் வரலை.

மாரியாத்தாக்கா இடுப்புல இருந்து ஸ்பேனரை எடுத்துச்சுங்க. டீக்கடைப் பெஞ்சு மேல ஏறுச்சு. போலீஸ்காரர் பாக்கப் பாக்க போர்டைக் கழட்டி, என்ற கையில குடுத்துச்சு.

"முன்னாடி நீ போ சாமி."

"நானுங்களா?"

"சேரைத் தூக்க இவங்க இருக்கறாங்க. உனக்கு வேற சோலி என்ன."

பிரான்சிஸ் காது செவந்ததை நெனச்சுக்கிட்டேன். நானு பாக்காத ஆளோட காது. "எந்தப் பக்கம் காட்டறதுங்கக்கா?"

"வண்டிக்காரனுக்குத் தெரியற பக்கம்"னுச்சு கீதாக்கா.

தகரத்தை நெஞ்சுக்கு நேராப் புடிச்சுட்டு ரோட்டுல எறங்கிட்டேன். கண்ணை மூடிட்டேன்னு நெனைக்கறேன். கிரீச்சுன்னு ஒரு சத்தம். தொறந்து பாத்தா ஒரு லாரி, என்ற போர்டுல இருந்து ஒரு மொழம் தள்ளி நிக்குது. அதுக்குப் பின்னாடி டவுன் பஸ்சு, டெம்போ, எல்லாமே நிக்குது. சேரு என்ற முதுகுப் பக்கமா அசைஞ்சு அசைஞ்சு போச்சு, சாமி ஊர்வலம் மாதிரி.

லாரிக்காரரு தலைய வெளிய நீட்டுனாரு. "ஏப்பா, இங்க போர்டு இருக்குதா? தெனமும் இதுலதான் வாரேன். ரொம்ப நாளா நானு பாக்கலையே."

அதைக் கேட்டுப்போட்டு பங்காரண்ணன் விசிலைப் பாக்கெட்டுல வெச்சாரு. "உங்க பேரென்னங்க, கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போறீங்களா"ன்னாரு. ரொம்ப மரியாதையா.

அந்தப் போர்டு மொதல் தடவையா வேலை செஞ்சது அன்னைக்குத்தானுங்க. நானே அதுக்குக் கம்பம்.

அடுத்த நாளு கோர்ட்டுல பிரான்சிஸை மொதல் தடவையாப் பாத்தேன். ஒல்லியான ஆளு, நல்ல பெரிய காது. போலீசுக்காரங்களே மாசாணியக்கா சொன்னதையும் லாரிக்காரர் சொன்னதையும் முன்னாடி வெச்சுட்டாங்க. ஜட்ஜய்யா பிரான்சிஸைப் பாத்து, அங்க போர்டு இருந்துச்சான்னு கேட்டாரு. "இல்லீங்க"ன்னான். நானும் அன்புச்செல்வியும் கழுத்தை நீட்டிப் பாத்தோம். காது கருப்பாவே இருந்துச்சு. கேசைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. லைசென்ஸைக் கையில வாங்கிட்டு வெளிய வந்து, மொதல் வேலையா மாசாணியக்கா ஊட்டுக்குத்தான் போனான். எஸ்.ஐ. சாரு அந்தம்மாளைக் கூப்பிட்டு நல்லாச் சத்தம் போட்டாரு, போர்டைப் போயி மாட்டுங்கன்னாரு, வேற ஒண்ணும் பண்ணலை. மாரியாத்தாக்கா மாட்டுச்சு. எந்தப் பக்கம்னு நானு கீழ நின்னு காட்டுனேன்.

அன்னைக்குப் பொழுதோட ஆபீசுக்கு வந்தா படிக்கட்டுப் பக்கத்துல நாலு ஓட்டை மட்டும் இருந்துச்சு. எங்க பலகையைக் காணோம்.

"அக்கா, நம்ம போர்டையும் கழட்டிட்டாங்க."

"நாந்தான் கழட்டிக் குடுத்தேன்"னு கீதாக்கா பன்னைப் பிச்சுக்கிட்டே சொல்லுச்சு. "அந்தம்மா கட்டில்ல படுக்க வேண்டாமா. நமக்கும் லாபம்தான் கதிரு. வீதிப் பொம்பளைங்க தெனமும் நம்ம பேரைப் படிப்பாங்க."

யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. பாக்கலாம்னு போனேன். பச்சைக் கதவு ஊட்டுக் குழி மேல எங்க பலகை கச்சிதமா உக்காந்திருந்துச்சு. ஆனா குப்புற. பேரு, அட்ரஸ், எல்லாம் குழியைப் பாத்துட்டுக் கெடந்துச்சு. அது மேல மாரியாத்தாக்கா குடத்தை எறக்கி வெச்சு மூச்சு வாங்கிட்டிருந்துச்சு.

"ஏனுங்கக்கா, எழுத்து மேல தெரியற மாதிரி போட்டிருக்கலாமே. இதுல மனுசன் படம் ஒண்ணுமில்லையே."

"கண்ணு இருக்குதே சாமி"ன்னுச்சு. "கண்ணு மேல கொண்டு போயிக் குடத்தை வெக்கலாமா?"